காதுகுத்து பனியனும் முதல் பந்தியும்

வேப்பமரத்தடியில் கரி இஸ்திரிப் பெட்டியோடு ஆரம்பித்தவன் நான். இன்று அருப்புக்கோட்டையில் சொந்த லாண்டரி, மாடி வீடு. படிப்பு நாலெழுத்துதான். எல்லாம் இந்தக் கை சம்பாதித்தது.

எங்களிடம் காலங்காலமாகத் துணி போடுகிற பந்தல்குடிக்காரர் ஒருவர், பேரன் காதுகுத்துக்கு அவன் படம் போட்ட பனியன் கேட்டார். படத்தைத் தாளில் அச்செடுத்து, இஸ்திரிச் சூட்டில் துணியில் ஒட்டுவது என் மருமகள் எங்கள் வீட்டிலிருந்தே செய்யும் தொழில். நானும் கூட நின்றேன். பழக்கதோசத்தில் பெட்டியை இழுத்துவிட்டேன், முதல் பனியனில் பிள்ளை மூக்கு கோணிப்போனது.

"தேய்க்காதீக மாமா, அமுக்குங்க!" என்று சிரித்தாள்.

மண்டபத்தில் அத்தனை பேர் நெஞ்சிலும் எங்கள் பனியன். "மதுரையில அடிச்சதா?" என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். பத்திரிகை வைத்து அழைத்திருந்ததால் முதல் பந்திக்குப் போனோம். அழைத்தவரே மறித்தார்.

"ஏப்பா, தேய்க்கிறவுக நீங்க. சொந்தக்காரவுக சாப்பிடட்டும், கடைசில வாங்க."

ரத்தம் கொதித்தது. ஆனாலும் கால் தன்னால் பின்னுக்குப் போனது.

மருமகள் அசையவில்லை. "உங்க பேரன் மொகத்த உங்க நெஞ்சுல ஒட்டுனது இந்தக் கைதாண்ணே. பக்கத்துல உக்காந்து சாப்பிட்டா மட்டும் கொறஞ்சு போவீகளா?"

அவள் இலை முன்னால் உட்கார்ந்து, "வாங்க மாமா" என்று பக்கத்து நாற்காலியைத் தட்டினாள். உட்கார்ந்தேன்.

இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. அந்த மனுசன் மேல் பாதி. அவர் சொன்னதும் பின்னால் போனதே என் கால், அதன் மேல் மீதி.