தலைமாட்டுப் பக்கம்

சேவுகப்பெருமாளின் கழுத்தெலும்பு தேய்ந்ததிலிருந்து அவனுடைய வலக்கை திடீர் திடீரென்று பிடியை விட்டுவிடும். வீட்டில் கண்ணாடி டம்ளர் ஒன்று மிச்சமில்லை. ஆம்புலன்ஸில் நோயாளியைத் தூக்குகிறவன் இதை யாரிடம் போய்ச் சொல்வான்? சோதித்துப் பார்க்கச் சொல்லி அலுவலகம் ஒரு கையுறை கொடுத்தபோது முந்திக்கொண்டு வாங்கினான். உள்ளே ஓடும் கம்பிகள் விரல்களை மடக்கி இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், பேட்டரி இருக்கும்வரை.

கானாடுகாத்தானில் முத்தப்பன் செட்டியார் வீட்டின் உட்பகுதியான இரண்டாங்கட்டில் வழுக்கி விழுந்து இடுப்பை ஒடித்துக்கொண்டார். வாசல்வரை உயரமான நிலைப்படிகள்; சக்கரம் உருளாது. சேவுகப்பெருமாள் கால்மாட்டைப் பிடித்து முன்னே நடந்தான். கூட்டாளி முத்தரசு தலைமாட்டைப் பிடித்துப் பின்னால் வந்தான்.

செட்டியாரின் மனைவி சிட்டாள் ஆச்சி குறுக்கே வந்து நின்றார். "உசுரோட இருக்கிற மனுசனக் காலை முன்னால விட்டா கொண்டு போவீக? தலை முன்னால போகட்டும்!"

முற்றத்தில் ஸ்ட்ரெச்சரை இறக்கி, அப்படியே திருப்பினார்கள். இப்போது தலைமாடு சேவுகப்பெருமாளின் பக்கம் வந்துவிட்டது. உடம்பின் கனமெல்லாம் அங்கேதான். காலையிலிருந்து ஓயாத கேஸ். மணிக்கட்டில் கையுறையின் பேட்டரி விளக்கு சிவப்பாக மின்னியது. அடுத்த நிலைப்படியில் கை விட்டுவிட்டால்? வாயைத் திறந்தால் வேலை போய்விடும். திறக்காவிட்டால் செட்டியார் போய்விடுவார். வியர்வை கண்ணில் இறங்க, குனிந்தான்.

முத்தரசு வந்து அவன் தோளைத் தொட்டான். "அண்ணே, நீங்க அங்குட்டுப் போங்க."

"நான் தூக்கிருவேன்டா. அதான் கையுறை இருக்குல்ல."

"அது போன வாரம் வந்ததுண்ணே. அதுக்கு முன்னாடி, போற வீட்டுலயெல்லாம் தலைமாட்டுக்கு நான் எதுக்கு முந்துனேன்னு நெனச்சீக?"