பச்சை மூஞ்சியை அமுக்கச் சொன்னது நான்தான்

இன்று காலை பத்து மணிக்கு என் கைபேசி அடிக்கவில்லை.

காபி டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போதே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். ஆறு வாரப் பழக்கம்.

(பம்பாய் மாட்டுங்காவில் தனியாக இருக்கும் எழுபத்து நான்கு வயதுக்காரிக்குத் தினமும் யார் போன் செய்வார்கள் என்று நீங்கள் கேட்பதற்குள் சொல்லிவிடுகிறேன்.)

ரஹ்மத் எனக்கு ப்ளவுஸ் தைக்கும் பெண். கடையநல்லூரிலிருந்து கல்யாணமாகித் தாராவிக்கு வந்தவள். கைமடிப்பு ஒரு நூல் பிசகினாலும் திருப்பி அனுப்பிவிடுவேன். ஒரே ப்ளவுஸை மூன்று முறை பிரித்துத் தைத்திருக்கிறாள். முகம் சுளித்ததில்லை.

அவளுக்கு ஆபரேஷன் செய்து பெண் குழந்தை பிறந்தது. வீட்டுக்கு அனுப்பும்போது ஆஸ்பத்திரி நர்ஸ் அவள் போனில் ஒரு ஆப் போட்டுக் கொடுத்தாள். தினமும் காலையில் அது ஆறு கேள்விகள் கேட்கும். காய்ச்சல் உண்டா, ரத்தப்போக்கு எப்படி, தையல் போட்ட இடம் சிவந்திருக்கிறதா என்று. பதில் சரியில்லை என்றால் நர்ஸே கூப்பிடுவாள்.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் கேள்விகள் இந்தி, மராத்தி, ஆங்கிலத்தில் மட்டுமே வரும். ரஹ்மத்துக்குத் தமிழ் மட்டுமே படிக்க வரும்.

"உன் புருஷனுக்கு இந்தி படிக்கத் தெரியுமே. கேட்டா என்ன?" என்றேன்.

"அவுக எட்டு மணிக்கே பட்டறைக்குப் போயிருவாக மாமி. இருந்தாலும் ரத்தம் போறதையெல்லாம் அவுகள்ட்ட எப்படிக் கேக்க?"

அவளுடைய உம்மா ஊரில் மூத்த மகளின் பிரசவத்துக்கு நின்றுவிட்டாள். ஆகவே நான்.

அவள் திரையைப் படமெடுத்து அனுப்புவாள். பிறகு கூப்பிடுவாள். நான் கேள்வியைத் தமிழில் சொல்வேன், அவள் பதில் சொல்வாள், எந்தப் பட்டனை அமுக்குவது என்று நான் சொல்வேன். கன்னியாஸ்திரிகளிடம் பிரம்படி வாங்கிப் படித்த ஆங்கிலம் கடைசியில் இதற்குப் பயன்பட்டது.

ஐந்து கேள்விகளை ஒழுங்காகவே மொழிபெயர்த்தேன். ஆறாவதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

'உங்கள் மனம் எப்படி இருக்கிறது? அழுகை வருகிறதா?' கீழே ஐந்து முகங்கள். பச்சையில் சிரிக்கும் முகத்தில் தொடங்கிச் சிவப்பில் அழும் முகம் வரை.

முன்பின் தெரியாதவர்கள் ஒரு பெண்ணிடம் கேட்கிற கேள்வியா இது? என் கணவர் காலமான பதினேழாம் நாள் பேங்குக்குத் தனியாகப் போய் வந்தவள் நான். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்ட எல்லோருக்கும் "நன்னா இருக்கேன்" என்ற ஒரே பதில்தான். (ஞாயிற்றுக்கிழமை வெளிநாட்டிலிருந்து கூப்பிடும் மகனுக்கும் அதே பதில்தான். அவனும் அதோடு விட்டுவிடுவான்.)

அதனால் அந்தக் கேள்வியை நான் அவளுக்குப் படித்துக் காட்டவே இல்லை. "கடைசியில பச்சை மூஞ்சி இருக்கு பாரு, அதை அமுக்கிடு" என்பேன். அமுக்கிவிடுவாள்.

பத்தொன்பதாம் நாள் கேட்டாள்.

"மாமி, அந்தக் கடைசிக் கேள்வி என்னன்னு நீங்க சொல்லுததே இல்லையே."

"அது ஒண்ணும் முக்கியமில்லை. பச்சையை அமுக்கு."

பின்னால் குழந்தை அழுதுகொண்டிருந்தது. யாரும் தூக்குவதாகத் தெரியவில்லை.

"ஓரத்துல ஒரு மூஞ்சி அழுவுதுல்லா மாமி? எனக்குத் தெனமும் அதைத்தான் அமுக்கணும்போல இருக்கி."

அன்றுதான் கேள்வியை முழுதாகப் படித்துச் சொன்னேன்.

"பிள்ள அழுதா எடுக்கணும்னே தோணல மாமி. சும்மா பாத்துக்கிட்டே கெடக்கேன். உம்மாட்ட சொன்னா பதறிருவாக. அதான் யார்ட்டயும் சொல்லல."

பத்தொன்பது நாட்கள் அவள் வாயை அடைத்து வைத்திருந்தது நான்.

"சிவப்பையே அமுக்கு" என்றேன். "அப்புறம் குழந்தையை எடுத்து மடியில வச்சுக்கோ. நான் போனை வைக்கமாட்டேன்."

அரை மணி நேரத்தில் நர்ஸ் கூப்பிட்டாள். ரஹ்மத் என்னையும் அந்த அழைப்பில் சேர்த்தாள். இதுவரை வந்த பச்சையெல்லாம் நான் அமுக்கச் சொன்னது என்று எனக்குத் தெரிந்த பம்பாய் இந்தியில் ஒப்புக்கொண்டேன்.

"ஆப் கௌன் ஹை?" என்றாள். நீங்கள் யார்?

அம்மா இல்லை. மாமியார் இல்லை. ப்ளவுஸ் தைக்கக் கொடுப்பவள் என்றேன். அதையும் எழுதிக்கொண்டாள் போலிருக்கிறது.

அன்றே டாக்ஸி பிடித்துத் தாராவிக்குப் போனேன். புருஷனை வரவழைத்து மூவருமாக டாக்டரைப் பார்த்தோம். "என்ட்ட ஒரு வார்த்தை சொல்லலையே" என்று வழியெல்லாம் அவளிடம் முனகிக்கொண்டே குழந்தையைத் தூக்கி வந்தான். மாத்திரை, வாரம் ஒரு முறை ஆலோசனைப் பேச்சு என்று சிகிச்சை ஆரம்பித்தது. பத்து நாளில் உம்மாவும் ரயிலேறி வந்துவிட்டாள். இப்போதெல்லாம் போனில் குழந்தையின் முதல் அழுகை கேட்கிறது. இரண்டாவது கேட்பதில்லை.

நேற்று அந்த ஆப் நாற்பத்திரண்டாம் நாள் என்று காட்டி, வாழ்த்துச் சொல்லி முடித்துக்கொண்டது.

இன்று பத்து ஆயிற்று. பத்தேகால் ஆயிற்று. கேள்வி இல்லையென்றால் என்னை எதற்குக் கூப்பிட வேண்டும்? உம்மா பக்கத்தில் இருக்கிறாள், பெண் தேறிவிட்டாள், நல்லதுதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதுவும் பச்சைப் பதில்தான்.

பத்து இருபதுக்கு அடித்தது.

"பிள்ளையக் குளிப்பாட்ட லேட்டாயிட்டு மாமி. இன்னைக்குக் கேள்வி ஒண்ணும் வரல. அதனால நானே கேக்கேன். ராத்திரி தூங்குனீங்களா? மனசு எப்படி இருக்கி?"

"நன்னா இருக்..."

"பச்சைன்னு சொன்னீங்கன்னா போனை வச்சிருவேன், பாத்துக்கோங்க."

வாய்வரை வந்ததை விழுங்கினேன். அவள் அவசரப்படுத்தவில்லை. அந்த ஐந்து முகங்களையும் ஒவ்வொன்றாக நினைவில் வரிசைப்படுத்திப் பார்த்தேன். பதில் சொன்னால் சரியாகச் சொல்ல வேண்டும் அல்லவா?

"சிவப்புக்கு ஒண்ணு முன்னாடி இருக்கே," என்றேன். "அது."