அத்தான் தேர்ந்தெடுத்த சிஸ்டம்

எங்கள் அத்தான் மைக் செட் வாடகைக்கு விடுபவர். எந்தக் கூட்டமானாலும் மேடையில் இருப்பவர் முகத்தைப் பார்க்க மாட்டார். ஸ்பீக்கர் பக்கம் காதைச் சாய்த்துக்கொண்டு நிற்பார். பேச்சு எப்படி என்று கேட்டால், "நல்ல தொண்டை. ஆனா மைக்க முழுங்குறாரு" என்பார். அப்பேர்ப்பட்டவருக்கு வாய்த்த என் அக்காவுக்குக் கொஞ்ச காலமாகக் காது மந்தம். காதில் மாட்டும் கருவி தலைவலி தருகிறதென்று அதை அலமாரியில் வைத்துவிட்டாள். ஒலியைக் கூட்டினால் போதும் என்பது அத்தானின் வைத்தியம்.

சாயங்காலம் ஒரு சிரிப்பு நாடகம் வரும். இருவரும் சேர்ந்து உட்காருவது அப்போது மட்டும்தான். இப்போதெல்லாம் அக்கா பாதியிலேயே எழுந்து போய்விடுகிறாள். அத்தானுக்கு அதில் உள்ளூர வருத்தம்.

டிவி பழுதானதும், "கம்ப்யூட்டர்லயே பாக்கலாம்" என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். கம்ப்யூட்டரில் டிவி வரவைக்க, ஆன்டெனா வயரைச் செருகும் ட்யூனர் குச்சி ஒன்றை வாங்கி மாட்டினேன். எதில் நன்றாக வருகிறதென்று பார்க்க, கம்ப்யூட்டரில் ஏற்கெனவே இருந்த சிஸ்டத்தின் பக்கத்தில் லினக்ஸ் என்ற இன்னொரு சிஸ்டத்தையும் போட்டேன். டிஸ்க் சின்னது, ஏதாவது ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும்.

பழையதில் ஒலி சுத்தமாக வந்தது. அத்தான் கண்ணை மூடிக் கேட்டார். "இதுதான், மாப்ள. இனிமே உங்கக்கா எழுந்திரிக்க மாட்டா." அவர் சிரித்தபோதெல்லாம் அக்காவும் சிரித்தாள். பிறகு துணி மடிக்க எழுந்து போனாள்.

அடுத்து லினக்ஸ். படத்தோடு கரகரப்பும் வந்தது.

"தகரத்துல ஆணியத் தேய்க்கிற மாதிரி இருக்கு. தூக்கிப் போடு."

"கொஞ்சம் பொறுங்க, அத்தான்."

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ஆள் அவர். ஒலியை அடியோடு அணைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். நான் மெனுவை நோண்டியதில், படத்துக்கு அடியில் வசனம் எழுத்தாக ஓட ஆரம்பித்தது. பழைய சிஸ்டத்தில் குச்சியோடு வந்த மென்பொருளில் இந்த வசதி இல்லை.

துணிக்கூடையோடு வந்த அக்கா நின்றாள். கூடையை இடுப்பில் வைத்தபடியே வாசித்தாள். சத்தமே இல்லாத அந்த அறையில் குபீரென்று சிரித்தாள்.

அத்தான் திரும்பினார். "எதுக்கும்மா சிரிச்ச?"

"திருடனப் பிடிக்க வந்தவன் பீரோவுக்குள்ள மாட்டிக்கிட்டு, திருடன்கிட்டயே சாவி கேக்குறான்."

"அப்ப இத்தன நாளா நீ சிரிச்சது?"

"உங்களப் பாத்துதான். எத்தன நாளைக்குங்க ஒருத்தர் முகத்தப் பாத்தே டிவி பாக்குறது?"

அத்தான் முகத்தில் அசடு வழிந்தது. எனக்கே பாவமாக இருந்தது. ஊருக்கெல்லாம் காது கேட்க வைக்கிற மனுஷன், பக்கத்து நாற்காலியைக் கோட்டை விட்டிருக்கிறார். "லினக்ஸே இருக்கட்டும்" என்றார்.

கரகரப்பைச் சரிசெய்து தருகிறேன் என்று நானும் சொல்லிப் பார்த்துவிட்டேன். "அவசரமில்ல, மாப்ள" என்கிறார். ஒலி இன்னும் அணைந்தேதான் கிடக்கிறது. அத்தான் எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர். ஒரு வரியை முடிப்பதற்குள் அடுத்த வரி வந்துவிடும். அதனால் அக்கா எப்போது சிரிக்கிறாள் என்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்து, பிறகு அவரும் சிரிக்கிறார்.