பொடி எழுத்தில் நான்கு வரி

இஞ்சினில் எண்ணெய் அளவு பார்க்கும் குச்சியை அப்பா கையில் எடுக்கும் விதம் இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. உருவுவார், தோளில் கிடக்கும் பழைய பனியன் துணியில் ஒரே இழுப்பில் துடைப்பார், மறுபடி செருகி உருவி வெளிச்சத்தில் படுக்கையாகப் பிடிப்பார். எப்போதும் காலையில்தான் பார்ப்பார். நின்று குளிர்ந்த வண்டியில் எண்ணெய் முழுவதும் அடியில் இறங்கியிருக்கும், அப்போதுதான் அளவு பொய் சொல்லாது என்பார். சங்ககிரியில் லாரி வேலை பார்த்த எல்லாருக்கும் அதுதான் வழக்கம்.

ஆனால் அன்று ஷெட்டில் நின்றது லாரி இல்லை. ஏற்காட்டு எஸ்டேட்டில் இருந்த வெள்ளைக்காரர் ஊர் திரும்பும்போது விற்றுவிட்டுப் போன நீளமான அமெரிக்கக் கார். எங்கள் பக்கத்தில் எல்லோரும் தோட்டத்து ஐயா என்று அழைக்கும் பெரிய விவசாயி அதை வாங்கி வைத்திருந்தார். அதற்குக் கிளச் கிடையாது. ஓட ஓட கியரைத் தானே மாற்றிக்கொள்ளும். எமர்ஜென்சி முடிந்த மறு வருடம் அது மக்கர் செய்யத் தொடங்கியது. முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்குப் போகாமல் இஞ்சின் மட்டும் ஓலமிடும். பிறகு பின்னாலிருந்து யாரோ உதைத்தது போல ஒரு குலுக்கலோடு மாறும். மேட்டில் வழுக்கும். வண்டி சூடேறினால் இன்னும் மோசம்.

பதினைந்து வருடம் அடுத்தவர் பட்டறைகளில் உழைத்துவிட்டு, அப்பா கோயமுத்தூர் சாலையோரம் சொந்தமாகத் தகர ஷெட் போட்டு ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. தோட்டத்து ஐயா வந்து, “சித்திரையில பொண்ணுக்குக் கல்யாணம் மேஸ்திரி. மாப்பிள்ள அழைப்புக்கு இந்த வண்டிதான். இதை ஓட்டிக் காட்டிட்டீங்கன்னா எங்க லாரி நாலும் இனி உங்க ஷெட்டுக்குத்தான்” என்றார். அந்த நாலு லாரி வந்தால் ஷெட் நிற்கும். வராவிட்டால் அப்பா மறுபடி யாரிடமாவது கூலிக்குப் போக வேண்டும். அது எனக்கும் தெரியும்.

காரோடு ஒரு ஆங்கிலப் புத்தகம் இருந்தது. அப்பாவுக்குத் தமிழே கூட்டித்தான் படிக்க வரும். நான் அப்போது பத்தாம் வகுப்பு. எங்கள் இரண்டு பக்கத்து உறவிலும் அவ்வளவு தூரம் படித்தவர் யாரும் இல்லை. “எம்புள்ள படிச்சிருக்குதுங்க. அது பாத்துச் சொல்லும்” என்று ஐயாவிடமும் சுற்றி நின்ற டிரைவர்களிடமும் அப்பா சொன்னபோது எனக்குத் தலை கால் புரியவில்லை. டீ கிளாசோடு நின்ற ஒரு தாடிக்கார டிரைவர், “ஏனுங்க மேஸ்திரி, இனி மேஸ்திரி புள்ள, ஸ்பேனர் எடுத்துக் குடுக்கறது நீங்களா?” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நான் அவரை முறைத்துவிட்டுப் பள்ளியில் பாடம் ஒப்பிக்கும் குரலில் உரக்கப் படிக்க ஆரம்பித்தேன்.

கியர் எண்ணெய்ப் பக்கத்தில், அதை அளக்கவென்றே கியர் பெட்டியில் இருக்கும் தனிக் குச்சியின் படம் இருந்தது. அளவு மேல் கோடு வரை இருக்க வேண்டும் என்பது புரிந்தது. படத்தின் கீழே பொடி எழுத்தில் நான்கு வரி. இரண்டு முறை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். பிடிபடவில்லை. பக்கத்தைத் திருப்பினேன்.

அப்பாவின் விரல் குறுக்கே வந்தது. “கீழ பொடிசா என்னமோ போட்டிருக்குதே சாமி?”

தாடிக்காரர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். “அது கம்பெனி பேரும் விலாசமுங்கப்பா” என்றேன்.

மறுநாள் காலை, குளிர்ந்த வண்டியில் அப்பா தன் வழக்கப்படி கியர் பெட்டிக் குச்சியை உருவினார். எண்ணெய் மேல் கோட்டைத் தொட்டிருந்தது. “எண்ணெய் இருக்குதுங்க. கோளாறு உள்ளதான்” என்று முடிவு செய்தார். மூன்று நாள் ஆக்சிலேட்டர் பெடலிலிருந்து கியர் பெட்டிக்குப் போகும் கம்பியைக் கூட்டியும் குறைத்தும் பார்த்தார். நான்காம் நாள் கியர் பெட்டியை இறக்கிப் பிரித்தார். நாளிதழ் விரித்த தரையில் பட்டைகளும் வட்டத் தகடுகளும் கடுகு போன்ற எஃகுக் குண்டுகளும் பரவிக் கிடந்தன. எதற்கு எது என்று சொல்ல சேலத்திலும் ஆள் இல்லை. இரண்டு வாரம் கழித்துப் பூட்டி ஓட்டியபோது கார் பின்பக்கம் மட்டும் போனது.

“மாப்பிள்ள அழைப்ப இனி ரிவர்சுலதான் பண்ணோணும்” என்றார் தாடிக்காரர். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. தோட்டத்து ஐயா டிராக்டரை அனுப்பிக் காரை இழுத்துப் போனார். கல்யாணத்துக்கு வாடகை அம்பாசடர் வந்தது. லாரிகள் வரவில்லை. ஆடிக்குள் ஷெட்டின் தகரத்தைக் கழற்றி விற்றுவிட்டு அப்பா பழைய பட்டறைக்கே திரும்பினார்.

புத்தகம் மட்டும் எங்கள் வீட்டில் தங்கிவிட்டது. கல்லூரியில் சேர்ந்த வருடம் அகராதியோடு உட்கார்ந்து அந்த நான்கு வரிகளைப் படித்தேன். வண்டி ஓடிச் சூடேறிய பிறகு, இஞ்சினை நிறுத்தாமலேயே குச்சியைப் பார்க்க வேண்டும். நிறுத்திவிட்டுப் பார்த்தால் உள்ளே சுற்றும் எண்ணெய் இறங்கி வந்து, குறைவாக இருப்பதையும் நிறைவாகக் காட்டும். அவ்வளவுதான். இரண்டு லிட்டர் எண்ணெய் ஊற்றியிருந்தால் ஒருவேளை சரியாகியிருக்கும். வேறு கோளாறாகவும் இருந்திருக்கலாம் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் தெரியாததைத் தெரியாது என்று சொல்லியிருந்தால், பள்ளிக்கூட வாத்தியார் யாரிடமாவது காட்டிக் கேட்டிருப்பார் அப்பா. அவருக்குக் கேட்பதில் வெட்கமே கிடையாது.

இப்போது நான் ஒரு கல்லூரியில் ஆங்கிலம் கற்பிக்கிறேன். போன மாதம்கூட, பட்டறையில் யாரோ அந்தக் காரைப் பற்றிக் கிண்டலாகக் கேட்டதற்கு அப்பா சொன்னாராம்: “பொஸ்தகத்துல சரியாத்தான் போட்டிருந்துது. எம்புள்ளயும் சரியாத்தான் படிச்சுது. என்ர கைக்குத்தான் அது புடிபடல.” பத்து வருடமாக இதையே சொல்லி வருகிறார். என் பழியை அவர் சுமக்கிறார் என்பது அவருக்கே தெரியாது.

நான் எழுதி அச்சில் வருவதையெல்லாம் வாங்கி வந்து, என்னையே உரக்கப் படித்துக் காட்டச் சொல்லி எதிரே உட்கார்ந்து கேட்பது அவர் பழக்கம். இது அச்சானதும் இதையும் கொண்டு வருவார். இந்த முறை ஒரு வரிகூட விடாமல் படிக்க வேண்டும்.