கார்டு இல்லாத ஆளு

நான் கம்ப்யூட்டர்ல வேலை செஞ்சவன் சார், பேய் பிசாசுன்னு எவனாவது ஆரம்பிச்சா எழுந்து போயிடுற ஆளு. நீங்க நம்பினா நம்புங்க, இல்லாட்டி சிரிச்சிக்கினு போங்க, ஆனா அன்னிக்கு என் மேல போட்டாங்களே ஒரு பழி, அத்த நெனச்சா இன்னிக்கும் வயிறு எரியுது.

எழுபதுகளோட கடைசி. மீஞ்சூர்ல ரயிலேறி கும்மிடிப்பூண்டில ஒரு கம்பெனிக்குப் போய்க்கினு இருந்தேன். லேத் செக்‌ஷன்ல பதினாறு பேரு, ஆளுக்கு ஒரு கார்டு, பேரெல்லாம் அதுல ஓட்டையா குத்தியிருக்கும். கார்டுங்களை மெஷின்ல உட்டா, எந்த ஷிப்டுல யாருன்னு லிஸ்ட் அடிச்சிக் குடுக்கும். புரோகிராம் நான் எழுதினது, ஒன்றரை வருசமா ஒரு தப்பு வரல. அப்புறம் மெஷினை ஓட்டுற சிஸ்டமே புதுசா ஒரு டேப்புல வந்துச்சி. அதுல மறுபடி கம்பைல் பண்ணுன்னாங்க, அதாவது நாம எழுதினத்த மெஷின் பாஷைக்கு மாத்துறது. ஒரு எழுத்துகூட மாத்தாம பண்ணேன். காலைல லிஸ்ட்டை போர்டுல ஒட்டிட்டு நாஷ்டாவுக்கு கேன்டீன் போனா, பரிமாறுற ராஜம்மா என் சட்டையப் புடிச்சிக்கிச்சி.

"எங்க நைனா பேரை இன்னாத்துக்குய்யா போட்ட? செத்தவரை வெச்சி தமாஷா?"

ஓடிப்போய்ப் பார்த்தா, பதினாறு பேருக்குக் கீழ இன்னொண்ணு: சி. வெங்கட்டப்பா. சத்தியமா அப்படி ஒரு கார்டே கெடையாது. லேத் செக்‌ஷன் நிக்கிற எடம் அவரு நெலமாம். குடுக்கமாட்டேன்னு கையெழுத்துப் போடாமயே அங்க இருந்த கெணத்துல உழுந்து செத்தாராம், கெணத்த மூடித்தான் ஷெட்டு போட்டாங்களாம். எனக்கே அன்னிக்குத்தான் சார் தெரியும்!

மேனேஜர் கேட்டாரா? "மன்னிப்பு எழுதிக் குடு"ன்னாரு. "கார்டை நீங்களே எண்ணிப் பாருங்க சார்"னேன். தொடவே இல்ல அந்த மனுசன்.

மெட்ராஸ்லேர்ந்து இன்ஜினியர் வந்தாரு. பழைய சிஸ்டத்துல கம்பைல் பண்ணத ஓட்டினா பதினாறு பேரு, புதுசுல பதினேழு. "பழசு மெமரியத் தொடச்சிட்டுக் குடுக்கும்பா, புதுசு தொடைக்காது. முன்னாடி எவனோ போட்டது மிச்சம் நிக்குது"ன்னாரு. சரி, போட்டது எவன்? நெலத்துக்காரரு பேரை அந்த மெஷின்ல எவன் சார் போட்டான்? அத்த உட்டுட்டு, ரிப்போர்ட்ல என் கவனக்குறைவுன்னு எழுதிட்டுப் போயிட்டாரு!

மனசு கேக்கல. கார்டுக் கட்ட ராஜம்மா கிட்ட எடுத்துக்கினு போனேன். பாத்திரத்த வெச்சிட்டு, கையத் தொடச்சிக்கினு, ஒவ்வொண்ணா எண்ணுச்சி. பதினாறு. "அவங்க கேட்டப்ப கையெழுத்து போடல. இப்ப அவராவே போட்டுக்கினாரு"ன்னுச்சி. அந்த லிஸ்ட்டைக் கேட்டு வாங்கி மடிச்சி வெச்சிக்கிச்சி.

மெமரியத் தொடைக்கச் சொல்லி புரோகிராம்ல நாலு வரி சேர்த்தேன், பேரு போயிடுச்சி. ஆனா லிஸ்ட்டுக்கு அடில மொத்தம் எத்தினி ஆளுன்னு வரும். அது கார்டு உள்ள போகப் போக மெஷின் அப்பப்ப எண்ணுறது சார், எதுவும் மிச்சம் நிக்கிற சமாச்சாரமே இல்ல. நான் வேலைய உடுற வரைக்கும் அது பதினேழுன்னுதான் அடிச்சிச்சி.