பக்கத்து இருக்கை

சாவிக்கொத்தால் முன்பலகையில் இரண்டு முறை ராவியா தட்டினால்தான் வண்டி நகரலாம். ஒரு தட்டுக்கே நகர்த்திய பெண்களை இறக்கிவிட்டு வீடுவரை நடக்க வைத்திருக்கிறார். இஸ்ரேலின் கலிலேய மலைச்சரிவில் இருக்கும் எங்கள் ஊரில் கார் ஓட்டக் கற்றுத்தரும் ஒரே பெண்; வயது நாற்பத்தொன்று. பதினாறு ஆண்டுகள் தனி பிரேக் பொருத்திய பக்கத்து இருக்கையிலேயே வாழ்ந்துவிட்டதால், கல்யாணத்துக்குப் போகும்போது அண்ணனின் காரிலும் அவர் வலக்கால் வெறும் தரையை மிதித்தபடி இருக்கும். அங்கே பிரேக் இல்லையே என்றால், "இருக்கணும்" என்பார்.

தேறியவர்களைச் சிவப்பு அட்டை நோட்டில் பதிகிறார்: பெயர், தேதி, எத்தனையாவது முயற்சி, எந்த வளைவில் பயந்தாள். இதுவரை அறுநூற்றுப் பன்னிரண்டு பேர். பெரும்பாலோர் பதினெட்டு வயதுப் பெண்கள். தேசியக் குடிமைச் சேவைப் படிவமும் அந்த வயதில்தான் வீட்டுக்கு வருகிறது. படைக்குப் போகாத பாலஸ்தீனக் குடிமக்கள் அதற்கு ஈடாக ஓராண்டு மருத்துவமனையிலோ பள்ளியிலோ பணிபுரிந்தால் உதவித்தொகையும் படிப்பில் சலுகையும் உண்டு. ஆகவே சேரலாமா என்ற கேள்வி ராவியாவின் காரில்தான் முதலில் எழும்.

"கையெழுத்துப் போடவா டீச்சர்?"

"உன் கை, உன் பேனா. ஆனா கடமைய முடிச்சாத்தான் உரிமைங்கறாங்க பாரு, அதக் கேள்வி கேளு. உரிமை என்ன, வேலை முடிஞ்சதும் நீட்டற கூலியா? கண்ணாடியப் பாருடி, பின்னால டிராக்டர்!"

சென்ற ஆண்டு அந்தக் கேள்வி ஊருக்கே வந்தது. வாரம் மூன்று நாள் டயாலிசிஸுக்காக மூன்று பேரைக் கடற்கரை நகரத்துக்கு ஏற்றிச்சென்ற வேன் நின்றுபோனது. ஊர்ப் பிள்ளைகளைக் குடிமைச் சேவையில் பதிந்தால் வேன் திரும்பும் என்றார், வேனை நடத்திய அமைப்பின் அலுவலர் வசீம்.

"வைத்தியத்துக்குப் போக எங்க பிள்ளைங்கள எழுதிக் கொடுக்கணுமா? வேணாம். அவங்களே ஓட்டுவாங்க," என்றார் ராவியா.

"ரெண்டு வாரம் தாங்குமாக்கா?" வசீம் சிரித்தார். ஒரு முறை தவறினாலே அபூ ருஷ்திக்கு மூச்சு முட்டும் என்பது ஊரறிந்த செய்தி.

மூன்று நோயாளிகளில் மூத்தவர் அபூ ருஷ்தி. முப்பது ஆண்டுகள் லாரி ஓட்டியவர். வலக்கால் மரத்துப்போய், சொந்தக் கார் வாசலில் தூசி படிந்து நின்றது. உரிமம் மட்டும் சட்டைப்பையில் உயிரோடிருந்தது. புதிதாக உரிமம் பெற்றவர் முதல் மூன்று மாதங்கள் அனுபவசாலி ஒருவரைப் பக்கத்தில் வைத்துத்தான் ஓட்ட வேண்டும். ராவியா அந்தச் சட்டத்தையே பிடித்துக்கொண்டார். அபூ ருஷ்தியின் காரில் அபூ ருஷ்தியே துணை; மற்ற இரு நோயாளிகளும் பின்னிருக்கையில். பெண் அவரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வாள். சட்டத்தின் கண்ணில் அவர்தான் அவளை அழைத்துச் செல்கிறார்.

நோட்டிலிருந்து எடுத்த முதல் பெயர் மைஸ். அதே மருத்துவமனையில் குடிமைச் சேவை முடித்து, அப்போதுதான் உரிமம் பெற்றவள். தெருவில் "அரைச் சிப்பாய்" என்று பெயர் வாங்கியவள். மற்ற பெண்கள் முணுமுணுத்தார்கள்.

"அங்க எந்தக் கதவு எப்ப திறக்கும்னு அவளுக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியுமா? அப்ப பின்னால உக்காந்து கத்துக்கோங்க," என்றார் ராவியா.

அவளுக்கும் ஒரு கட்டளை இருந்தது. "திரும்பி வரப்ப இவர் தூங்குவார். கிள்ளு. துணை தூங்கினா நீ தனியா ஓட்டற கணக்கு."

"இருபத்தெட்டு டன் கல்லோட இந்த வளைவ நான் கண்ண மூடிட்டே கடந்திருக்கேன்," என்றார் அபூ ருஷ்தி.

"அதான் மாமா, டீச்சர் கிள்ளச் சொல்றாங்க," என்றாள் மைஸ்.

ஞாயிறு, செவ்வாய், வியாழன். மழை, மூடுபனி, தேர்வுக் காலம், ஒரு டயர் வெடிப்பு. ஓராண்டின் முடிவில் நோட்டு காட்டும் பயணங்கள் நூற்று ஐம்பத்தாறு, தவறியது ஒன்றுமில்லை.

நூற்று ஐம்பத்தேழாவது காலை, விடிவதற்கு முன்பே, வசீம் வந்து நின்றார். கையில் அமைப்பின் பெயர் பொறித்த மேலங்கிகள்.

"ஜெயிச்சிட்டீங்கக்கா. இந்தப் பொண்ணுங்களையே பதிஞ்சிடலாம். இதப் போட்டுக்கிட்டாப் போதும், வேனும் வரும்."

"வேன் நோயாளிங்களோடது, தாராளமா வரட்டும். இத நீங்களே போட்டுக்கங்க தம்பி, குளிருது."

காருக்குள் உரிமம் வாங்கி ஒன்பதே நாளான ஒரு பெண், ஸ்டியரிங்கை இறுகப் பற்றியிருந்தாள். பக்கத்தில் அபூ ருஷ்தி பெல்ட்டை மாட்டிக்கொண்டு நிமிர்ந்தார். "டீச்சர், ஆறு மணிக்கு எனக்கு ஊசி!"

ராவியா கதவைச் சாத்தினார். வசீம் ஏந்தி நின்ற மேலங்கிகளுக்கு மேலாகக் கையை நீட்டி, சாவிக்கொத்தால் காரின் கூரையில் இரண்டு முறை தட்டினார்.