சூரியனுக்கு இங்கிலீஷ் தெரியுமா?

யோகா வாத்தியார் வேலையில் உடம்பை வளைப்பது பெரிய விஷயமே இல்லை, "இதெல்லாம் எப்போ வந்தது?" என்று கேட்பவருக்குப் பதில் சொல்வதுதான் இடுப்பை ஒடிக்கும். என்னைப் போல வாயால் பிழைக்கும் சக வாத்தியார்களே, உங்களுக்கு இது புரியும். நகரியில் என் வீட்டுக்காரர் வேலை பார்த்த தறிக்கொட்டகையை மூடியபோது, எனக்குத் தெரிந்த ஒரே வித்தையைத் தூக்கிக்கொண்டு குடும்பத்தோடு திருப்பதிக்கு வந்தேன். அன்றிலிருந்து எங்கள் வீட்டு அடுப்பு எரிவது இதை நம்பித்தான்.

ஒன்... டூ...

அந்த வித்தையை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் புத்தூர் பள்ளிக்கூடத்து டிரில் மாஸ்டர். காக்கி அரைக்கால் சட்டை, வாயில் விசில். சூரிய நமஸ்காரத்துக்கே "ஒன்... டூ..." என்றுதான் எண்ணுவார். திருப்பதியில் ஒரு மொட்டைமாடியை வாடகைக்குப் பிடித்து, நானும் முதல் வகுப்பை அப்படியே நடத்தினேன்.

முன்வரிசையில் முனியம்மா. சத்தியவேடு பக்கத்துக்காரர், லாட்ஜில் வேலை, முதுகுவலிக்காக வந்தவர். தூக்கிய கையை இறக்காமலே கேட்டார்: "ஏன் மேடம், சாமிய கும்பிடச் சொல்லிட்டு ஒன் டூன்னு எண்ணிக்கினு கீறீங்களே, சூரியனுக்கு இங்கிலீஷ் தெரியுமா?"

ரூம் ரேட்டு

ரேணிகுண்டா ரோட்டில் புதிதாக ஒரு பெரிய ஓட்டல் வந்தது. அமெரிக்காவிலிருந்து பெருமாளைப் பார்க்க வரும் நம்மவர்களும், ஊர் சுற்ற வரும் வெள்ளைக்காரர்களும் தங்கும் இடம். காலையில் யோகா சொல்லித்தர ஆள் தேடினார்கள், போனேன். மேனேஜர் சித்தூர்க்காரர், தெலுங்கையும் தமிழையும் ஒரே மூச்சில் பேசுவார். ஒரு மாதம் பார்த்துவிட்டு வேலையை நிரந்தரமாக்குவதாகச் சொன்னார்.

விருந்தாளிகளிடம் யோகாவின் வயதையும் சொல்ல வேண்டுமாம். "எவ்வளவு பழசுன்னு எனக்கே தெரியாதே சார்" என்றேன். மேனேஜர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"ஃபாரினர்ஸ் கேட்டா வேத காலம்னு செப்பண்டி மேடம். கம்மியா சொன்னா நம்ம ரூம் ரேட்டுக்கு செட் ஆகாது."

தூணில் இருந்தவர்

அவர் சொன்னது எனக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. நேரில் பார்த்துவிடுவோம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காளஹஸ்திக்குப் பஸ் ஏறினேன். கோயில் மண்டபத்தில் தூண் தூணாகத் தேடினேன். சம்மணம் போட்ட முனிவர் இருந்தார். முழங்காலைச் சுற்றிப் பட்டை கட்டி உட்கார்ந்தவர் இருந்தார். காலைத் தூக்கிக் கழுத்துக்குப் பின்னால் போட்டவரும் இருந்தார். அவரைப் பார்த்ததும் சொந்தக்காரரைக் கண்டதுபோல எனக்கு ஒரே சந்தோஷம். ஆனால் நான் தினமும் சொல்லித்தரும், நின்றபடி பக்கவாட்டில் சாயும் திரிகோணாசனத்தை மட்டும் காணவே காணோம். ஒருவேளை சரியாகப் பார்க்கவில்லையோ என்று, முனிவருக்கு எதிரே நின்று நானே சாய்ந்து ஒப்பிட்டுப் பார்த்தேன். காவலாளி வந்துவிட்டார்.

"ஏம்மா, அவுரு செவனேன்னு குந்திக்கினு கீறாரு. அவுரு எதிர்ல நீ எதுக்கு சாஞ்சிக்கினு நிக்கிற?"

நமஸ்தே

என் மொட்டைமாடி மாணவன் சதீஷ் ஏர்பேட்டு விவசாயக் குடும்பத்துப் பையன். கம்ப்யூட்டர் படித்தவர்களெல்லாம் விமானம் ஏறிய அந்தக் காலத்தில் அவனும் அமெரிக்கா போனான். ஒருநாள் போன் செய்தான். "அக்கா, இங்க யோகா கிளாஸ் முடிஞ்சா எல்லாரும் கைகூப்பி நமஸ்தேன்றாங்க. நீங்க அத சொல்லியே தரலியே? நான் மட்டும் பாயை சுருட்டிக்கினு முழிச்சேன்."

எனக்கும் யாரும் சொல்லித் தரவில்லை. டிரில் மாஸ்டர் விசிலடித்தால் வகுப்பு முடிந்தது, அவ்வளவுதான். இருந்தாலும் அமெரிக்காவில் செய்கிறார்களே என்று, மறுநாள் மாடியில் வகுப்பு முடிந்ததும் கண்ணை மூடிக் கைகூப்பி "நமஸ்தே" என்றேன். கண்ணைத் திறந்தால் எதிரே முனியம்மா, முகம் வாடி நிற்கிறார்.

"இன்னா மேடம், எங்கள வுட்டுட்டு போறீங்களா?"

போய் வந்த சரக்கு

ஓட்டலில் மாதக் கெடு முடிய இருந்த வாரம். டென்மார்க்கிலிருந்து வந்த ஓர் அம்மாள் வகுப்பு முடிந்ததும் கேட்டேவிட்டார்: "இது எவ்வளவு பழமையானது?" வாசலில் மேனேஜர். வேத காலம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். தூணில் குந்தியிருந்தவர் கண் முன்னால் வந்துவிட்டார், பொய் வரவில்லை. "உட்காருவதும் மூச்சை அடக்குவதும் ரொம்பப் பழசு. நின்று வளைவதில் பலவற்றை என் டிரில் மாஸ்டர் கொடுத்தார். அவருக்கு யார் கொடுத்தார்களோ தெரியாது" என்றேன், என் ஓட்டை இங்கிலீஷில். அடுப்பு அணைந்தது என்றே நினைத்தேன்.

அந்த அம்மாள் சிரித்தார். அவருடைய அப்பாவும் பள்ளிக்கூடத்தில் வரிசையில் நின்று, எண்ணிக்கைக்கு இப்படித்தான் வளைவாராம். இங்கிருந்து அங்கே போனதா, அங்கிருந்து இங்கே வந்ததா என்று இருவரும் வெகுநேரம் பேசினோம், ஒன்றும் பிடிபடவில்லை. அவர் இன்னும் ஒரு வாரம் தங்கப்போவதாக ரிசப்ஷனில் சொல்லிவிட்டுப் போனார். மேனேஜர் என்னிடம் வந்தார்.

"நாளைலேந்து பர்மனென்ட் மேடம். போர்டுல ஏன்ஷியன்ட்டுன்னு ஒண்ணுதான் இருந்துச்சு, இனிமே இம்போர்ட்டட்டுன்னும் சேத்துக்கலாம் கதா?"

யோகா எங்கிருந்து கிளம்பியது என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. எங்கெங்கோ சுற்றிவிட்டு என் வீட்டு அடுப்படிக்கு வந்து சேர்ந்தது என்பது மட்டும் தெரியும்.